குதிரையும் முற்குறிப்பும்: கொழும்பு நகரப் பந்தய வாழ்வு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

சூதாட்டம் பற்றிய எமது பேச்சு பெரும்பாலும் ஒழுக்கம் பற்றிய பேச்சாகவே இருந்து வந்துள்ளது. பந்தயத்திற் பணம் தோற்றவனைக் கண்டால் அவனுடைய குணக்கேட்டையே முதலிற் காண்கிறோம். அவன் தோற்ற பணம் எவரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்பதில்லை. இவ்விடத்து வள்ளுவர் எம்மிலும் தெளிவாக இருந்தார் எனலாம். சூது என்னும் அதிகாரத்தை அவர் அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலிலேயே வைத்தார். கௌடிலியரின் அருத்தசாத்திரம் இன்னும் வெளிப்படையானது. சூதாடுகளத்துக்கென ஓர் அதிகாரியை நியமித்து, வென்றவனின் பணத்தில் நூற்றுக்கு ஐந்து அரசுக்குரியது என அது விதிக்கிறது. எனவே சூது பொருளியலையும் அரசையும் சார்ந்த விடயம் என்ற உணர்வு பழைய நூல்களுக்குப் புதியதன்று.

இந்நோக்கிலேயே கொழும்பு நகரின் குதிரைப் பந்தயத்தையும், அதனைச் சூழ்ந்து வளர்ந்த பணயங் கட்டும் வழக்கத்தையும் நாம் இங்கு ஆராய முற்படுகிறோம். குறிப்பாக, 'டிப்' என்று பந்தயகாரர் வழங்கும் முற்குறிப்பே எமது கவனத்திற்குரியது. எந்தக் குதிரை வெல்லும் என்று ஒருவர் மற்றொருவரின் காதிற் போடும் அச்செய்தி, வெறும் ஊகமன்று. அது விற்கப்படுவது, பரிமாறப்படுவது, நம்பப்படுவது. அதனை ஒரு சமூக உறவாகக் கொண்டு நோக்குமிடத்து, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஏறியும் இறங்கியும் அலைந்த பல வாழ்வுகளின் பொருள் புலனாகும்.

1. காலிமுகத்திலிருந்து கறுவாத்தோட்டத்துக்கு

இலங்கையிற் குதிரைப் பந்தயம் பிரித்தானிய ஆட்சியின் பேறாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காலிமுகத்திடலே கொழும்பின் பந்தயக் களமாக விளங்கிற்று. படை அதிகாரிகளும் குடியியற் சேவையாளரும் தோட்டத்துரைமாரும் அங்கு கூடினர். 1893இல் பந்தயம் கறுவாத்தோட்டத்துப் புதிய திடலுக்கு இடம்பெயர்ந்தது. மலைநாட்டில் நுவரெலியா இதற்கு இணையான களமாயிற்று.

இவ்விடப்பெயர்ச்சியை நகரின் வர்க்க வரலாற்றோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். 1875இல் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885இல் அது நிறைவெய்திய பின்னர், கொழும்புத் துறைமுகம் இந்து சமுத்திரத்தின் முதன்மைத் துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. அதுவரை முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் தோட்டஞ் சூழ்ந்த வீடுகளில் வாழ்ந்த செல்வர்கள், துறைமுகத்தின் புழுதியையும் உழைப்பாளரின் நெருக்கத்தையும் விட்டு விலகிக் கறுவாத்தோட்டத்தை நாடினர். அவர்கள் கைவிட்ட வடகொழும்பு துறைமுகத் தொழிலாளரதும் சுமைகூலிகளதும் சிறுகடைக்காரரதும் இருப்பிடமாயிற்று. செல்வர் சென்ற திசையிலேயே பந்தயத்திடலும் சென்றது.

தோட்டத்துரை பந்தயத்திடலில் மட்டும் பணயம் வைத்தவனல்லன். கோப்பிப் பயிர்ச்செய்கையே ஒரு பெரும் பணயமாக இருந்தது. இலண்டன் சந்தையின் விலை ஏறினால் அவன் செல்வனானான். இறங்கினால் தோட்டம் ஏலத்துக்குப் போயிற்று. 1869இல் தோன்றிய கோப்பி இலைநோய் 1880களில் அப்பயிரையே அழித்தது. மார்க்ஸின் மருமகனான போல் லபார்க், கடவுள் நம்பிக்கையின் காரணங்களை ஆராயுமிடத்து, முதலாளித்துவச் சமூகம் மேன்மேலும் ஒரு மாபெரும் சூதாட்ட மனையின் தன்மையை எய்துகிறது என்று வாதித்தார். தம் கண்ணுக்குப் புலப்படாத நிகழ்ச்சிகளாற் செல்வம் சேர்வதையும் கரைவதையும் காணும் வர்க்கத்துக்கு அதிட்டம் ஒரு தெய்வமாகிவிடுகிறது என்பது அவர் கருத்து. இலங்கைக் கோப்பித் துரைமாரைப் பொறுத்தவரை இக்கூற்று முற்றிலும் பொருந்துவதாகும்.

சாராயக் குத்தகை, தென்னை, காரீயம் ஆகியவற்றாற் செல்வம் சேர்த்த உள்ளூர் முதலாளிமாரும் காலப்போக்கில் இத்திடலுக்குள் நுழைந்தனர். இவ்வர்க்கத்தின் எழுச்சியைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆளுநர் அமர்ந்த மேடைக்கு அண்மையில் அமரும் உரிமையைச் சாராயப் பணம் நேரடியாகப் பெற்றுத்தர இயலவில்லை. குதிரை பெற்றுத் தந்தது. அவர்களுக்குக் குதிரை இலாபத்திலும் பார்க்க அந்தத்தின் சின்னமாகவே இருந்தது. பந்தயத்தில் இழந்தாலும் அவர்கள் இழந்தவரல்லர்.

2. சட்டத்தின் இரு முகங்கள்

பந்தயத்திடல் சிறப்புற்ற அதே காலத்தில், 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் தெருக்களிலும் பொது இடங்களிலும் பணயம் வைத்து ஆடுவதைக் குற்றமாக்கியது. தெருவோரத்திற் காசு வைத்தாடிய கூலியாளைப் பொலிசார் பிடித்தனர். திடலிற் பொன் வைத்தாடிய பிரபுவைச் சமூகம் பாராட்டியது. செயல் ஒன்றே, இடமும் வர்க்கமுமே வேறு.

இந்நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1906ஆம் ஆண்டின் தெருப் பந்தயச் சட்டம் தொழிலாளர் தெருவிற் கைக்காசு கொடுத்துப் பணயங் கட்டுவதைத் தடுத்தது. ஆனாற் கடன் கணக்கு வைத்திருந்த கனவான் தன் இல்லத்திலிருந்தே பணயங் கட்ட எத்தடையும் இருக்கவில்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், 1961 மே மாதத்திலேயே அங்கு பந்தயக் கடைகள் சட்டப்படி திறக்கப்பட்டன. இலங்கையில் 1930இல் குதிரைப் பந்தயப் பணயம் பற்றிய தனிக் கட்டளைச் சட்டம் எழுந்தது. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் பந்தயம் பிடிப்போர்மீதும் சூதாட்ட மனைகள்மீதும் தீர்வை விதித்தது. 2025இல் சூதாட்டத்துறை முழுவதையும் மேற்பார்வை செய்யும் அதிகாரசபை ஒன்றை நிறுவும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றிற்று. தண்டித்தலிலிருந்து தீர்வை அறவிடுதலை நோக்கிச் சென்ற இப்பாதையில், அரசு மீண்டும் கௌடிலியரின் சூதாடுகள அதிகாரியை வந்தடைந்தமை மனங்கொள்ளத்தக்கது.

3. குதிரை மறைந்தது, பணயம் எஞ்சியது

இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் கறுவாத்தோட்டத்துத் திடல் விமானத் தளமாக மாற்றப்பட்டது. 1942 ஏப்பிரல் 5ஆம் திகதி யப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது, பிரித்தானியப் போர் விமானங்கள் அத்திடலிலிருந்தும் மேலெழுந்தன. போரின் பின் பந்தயம் மீண்டது. எனினும் 1956இல், பண்டாரநாயக்கா தலைமையிலான அரசு பதவியேற்ற ஆண்டில், கொழும்பிற் குதிரைப் பந்தயம் முடிவுக்கு வந்தது. நுவரெலியாவிற் பின்னாளில் அது மீண்டும் உயிர்பெற்று, ஏப்பிரல் மாத வசந்தகால விழாவின் அங்கமாயிற்று. கொழும்புத் திடலின் பார்வையாளர் மாடம் இந்நூற்றாண்டிற் கடைத்தொகுதியாக உருமாறியது. அதனருகே செல்லும் ரீட் அவெனியூ, இலங்கை இடதுசாரி இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான பிலிப் குணவர்த்தனவின் பெயரைப் பெற்றது.

ஆயின் பந்தயம் நிறுத்தப்பட்டபோது பணயங் கட்டும் வழக்கம் நிற்கவில்லை என்பதே நாம் இங்கு ஊன்றி நோக்க வேண்டிய உண்மை. கொழும்பின் பணயம் இங்கிலாந்துக் குதிரைகளின்மீது திரும்பியது. 'புக்கி' என்று மக்கள் வழங்கும் பந்தயக் கடைகளில், எப்சம், அஸ்கொட், நியூமார்க்கற் ஆகிய திடல்களில் ஓடும் குதிரைகளின் பெயர்கள் தாங்கிய தாள்கள் தொங்கின. இலங்கைக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலுள்ள நேர வேறுபாட்டால், அங்கு பிற்பகல் இரண்டு மணிக்கு ஓடும் குதிரை இங்கு மாலை ஆறரைக்கோ ஏழரைக்கோ ஓடுகிறது. அதாவது துறைமுகத்தில் வேலை முடிந்து தொழிலாளி வீடு திரும்பும் வேளையிலும், காரியாலயத்திலிருந்து எழுதுவினைஞர் வெள்ளவத்தையில் வந்திறங்கும் வேளையிலும் பந்தயம் தொடங்குகிறது. உழைப்பு நாளின் முடிவும் பந்தய நாளின் தொடக்கமும் இவ்வாறு ஒன்றோடொன்று பொருந்திவிட்டன.

இதன் பொருள் ஆழமானது. முன்னைய பந்தயகாரன் குதிரையைக் கண்ணாற் கண்டான். அதன் நடையையும் வியர்வையையும் அவதானிக்க முடிந்தது. 1956இன் பின் வந்தவனுக்குக் குதிரை தாளில் ஒரு பெயர். வானொலியில் ஒரு குரல். பின்னர் செய்மதித் தொலைக்காட்சியிற் சில நிமிட ஓட்டம். பணம் பண்டமாகி, பண்டம் மீண்டும் பணமாகும் சுற்றோட்டத்தில், நடுவிலுள்ள பண்டம் மறைந்து பணமே பணத்தை ஈனுவதுபோலத் தோன்றும் நிலையை மார்க்ஸ் வட்டி மூலதனத்திற் கண்டார். கொழும்புப் பந்தயக் கடையிலும் நடுவில் நின்ற குதிரை மறைந்துவிட்டது. குதிரை கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போன அளவுக்கு, அதனைப் பற்றிய 'உள்செய்தி'யின் மதிப்பு உயர்ந்தது. முற்குறிப்பு தனியாட்சி செலுத்தத் தொடங்கியதற்கான வரலாற்றுச் சூழல் இதுவேயாகும்.

4. முற்குறிப்பின் பொருளியல்

முதலிற் பந்தயக் கடையின் கணக்கை நோக்குவோம். ஐந்து குதிரைகள் ஓடுகின்றன எனக் கொள்வோம். முதலாவதுக்கு ஒன்றுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு மூன்று, மூன்றாவதுக்கு நான்கு, ஏனைய இரண்டுக்கும் ஒன்பது என்ற வீதத்தில் விலை கூறப்படுகிறது. இக்குதிரைகளின்மீது முறையே 50, 25, 20, 10, 10 ரூபா கட்டப்பட்டால், கடைக்குக் கிடைப்பது 115 ரூபா. எந்தக் குதிரை வென்றாலும், கட்டிய பணமும் சேர்ந்து கடை திருப்பிக் கொடுப்பது 100 ரூபாவே. மீதி 15 ரூபா, ஏறக்குறைய நூற்றுக்கு 13, எக்குதிரையும் ஓடுமுன்னரே கடையின் பெட்டிக்குட் சென்றுவிட்டது. நடைமுறையிற் பணம் இவ்வாறு ஒழுங்காகப் பங்கிடப்படுவதில்லை. ஆதலாற் கடைக்காரன் விலைகளை இடையிடையே மாற்றிச் சமநிலையைத் தேடுகிறான். ஆனால் அடிப்படை இதுவே. ஒருவன் தன் கையிலுள்ளதைத் திரும்பத் திரும்பப் பணயம் வைத்தால், சராசரியாக ஐந்தாவது முறை முடிவில் அதிற் பாதியே எஞ்சும். இங்கு தோற்பதற்குக் குணக்கேடு வேண்டியதில்லை. கூட்டற் கணக்கே போதும்.

இக்கணக்கை மறைப்பதே முற்குறிப்பின் சமூகப் பணி. முற்குறிப்பு இருக்கும்வரை இழப்பு விலையின் விளைவாகத் தோன்றாது. அறிவின்மையின் விளைவாகவே தோன்றும். "சரியான ஆளிடம் கேட்கவில்லை" என்று தோற்றவன் தன்னையே நொந்துகொள்கிறான். பந்தயக் கடை நிரபராதியாகிவிடுகிறது.

உண்மையான உள்செய்திகள் இல்லையென்று நாம் கூறவில்லை. குதிரையின் உடல்நிலையை அதன் பயிற்றுநர் அறிவார், ஜொக்கி அறிவான், உடைமையாளர் அறிவார். ஆனால் அச்செய்தி ஒரு விசித்திரமான பண்டம். அதன் மதிப்பு, பிறர் அதனை அறியாதிருப்பதிலேயே தங்கியுள்ளது. பத்துக்கு ஒன்று என்ற விலையிலுள்ள குதிரை பதினொரு முறைக்கு ஒரு முறைக்கு மேல் வென்றாலே கட்டியவனுக்கு இலாபம் உண்டு. செய்தி கசிந்து பணம் குவிந்ததும் விலை இரண்டுக்கு ஒன்றாக இறங்கிவிடுகிறது. இப்போது அதே குதிரை மூன்று முறைக்கு ஒரு முறைக்கு மேல் வெல்ல வேண்டும். குதிரை மாறவில்லை, செய்தியும் பொய்யன்று. இருந்தும் கடைசியாகக் கேட்டவனுக்கு அது பயனற்றதாயிற்று. உடைமையாளரின் இலாயத்திலிருந்து புறப்பட்ட செய்தி எத்தனையோ காதுகளைக் கடந்தே கொட்டாஞ்சேனைத் தேநீர்க்கடையை வந்தடைகிறது. அங்கு வந்து சேர்ந்தமையே அதன் மதிப்பு தீர்ந்துவிட்டது என்பதற்குச் சான்று.

பொய்ச் செய்தி விற்போனின் தொழில் இன்னும் எளிது. எட்டுக் குதிரைகள் ஓடும் பந்தயத்தில், 64 பேருக்கு எட்டெட்டுப் பேராகப் பிரித்து வெவ்வேறு குதிரையின் பெயரைச் சொன்னால், எட்டுப் பேருக்கு அவன் சொன்னது பலித்திருக்கும். அடுத்த பந்தயத்தில் அந்த எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு பெயரைச் சொன்னால், ஒருவனுக்கு இரு முறையும் பலித்திருக்கும். அவ்வொருவன் அதன்பின் எதையும் விற்று அவனிடம் செய்தி வாங்குவான். ஏமாந்த ஏனையோர் கலைந்து போவர். பலித்தவன் தெருவெல்லாம் பறைசாற்றுவான். வெற்றி பகிரங்கமானது, இழப்பு அந்தரங்கமானது. வென்றவன் நண்பருக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கிறான். தோற்றவன் மனைவிக்கும் மறைக்கிறான். ஆதலாற் தெருவின் ஞாபகத்தில் வெற்றிகள் மட்டுமே தங்குகின்றன. பந்தயத்தின் ஏற்ற இறக்கம் என்று நாம் பேசும்போது, ஏற்றத்தை மட்டுமே கேட்டிருக்கிறோம் என்பதை மறத்தலாகாது.

5. இலக்கியம் காட்டும் வளர்ச்சி

இரகசிய அறிவு சூதை வெல்லும் என்ற நம்பிக்கை மிகப் பழையது. அது காலந்தோறும் எவ்வாறு மாறிற்று என்பதை இலக்கியம் தெளிவாகக் காட்டுகிறது. நளன் கதையில், புட்கரனுடன் சூதாடி நாடிழந்த நளன் இருதுபன்னனின் தேர்ப்பாகனாகிறான். அங்கு தான் அறிந்த குதிரைக் கலையை மன்னனுக்கு ஈந்து, எண்ணின் கலையை அவனிடமிருந்து பெறுகிறான்; பின் மீண்டும் சூதாடி நாட்டை மீட்கிறான். புகழேந்தியின் நளவெண்பாவழி தமிழர் நன்கறிந்த கதை இது. குதிரையறிவும் சூதறிவும் இங்கு நேருக்கு நேர் பண்டமாற்றாகின்றமை வியப்புக்குரியது. நிலவுடைமைக் கால உலகில் அறிவு ஆளுக்குரிய கைத்திறனாக இருந்தது. ஆடுவோர் இருவர், இடையில் வீதம் கழிக்கும் கடைக்காரன் இல்லை. எனவே இரகசியம் பலிப்பதாகக் கதை முடிய இயலும்.

1834இல் வெளிவந்த புஷ்கினின் 'ஸ்பேட் இராணி'யில் நிலை மாறிவிடுகிறது. மூன்று சீட்டுகளின் இரகசியத்தைப் பெற உயிரிழப்புக்கும் காரணனாகும் ஹேர்மன், இரு முறை வென்று மூன்றாம் முறை அனைத்தையும் தோற்றுச் சித்தங்கலங்குகிறான். பணம் ஆட்சிக்கு வரும் காலத்தில், இரகசியம் மனிதனின் கையில் அடங்காத சக்தியாகிவிட்டது. டி. எச். லோரன்ஸ் 1926இல் எழுதிய ஆடுகுதிரை பற்றிய சிறுகதை எமது பொருளுக்கு மிக நெருக்கமானது. பணம் போதவில்லை என்று வீடே முணுமுணுப்பதாக உணரும் ஒரு நடுத்தர வர்க்கச் சிறுவன், மரக்குதிரையில் வெறியோடு ஆடி, வெல்லப்போகும் குதிரைகளின் பெயரை அறிகிறான். கடைசியாக டேர்பிப் பந்தயத்தில் வெல்லப்போகும் பெயரைக் கூவி வீழ்ந்து இறக்கிறான். அவன் கூறிய முற்குறிப்பு பொய்க்கவில்லை, பெரும்பணம் வந்தது, பிள்ளை போயிற்று. அக்குதிரையின் பெயர் 'மலபார்'. பிரித்தானியர் ஒரு காலத்தில் இலங்கைத் தமிழரையும் இப்பெயராலேயே குறித்தனர். நுகர்ந்து தீராத அவ்வீட்டின் பசி எத்திசையிலிருந்து ஊட்டப்பட்டது என்பதைக் கதாசிரியர் கருதாமலே அப்பெயர் உணர்த்திவிடுகிறது.

6. வாசிப்பும் இழப்பும்

பந்தயங் கட்டுவோரை அறிவிலிகள் எனத் தள்ளுவது எமது நோக்கமன்று. வரலாற்றாசிரியர் றொஸ் மக்கிபின் 1979இல் எழுதிய கட்டுரையில், தொழிலாளரின் பந்தயப் பழக்கம் பெரும்பாலும் அளவோடு அமைந்தது என்றும், அது அறிவை ஈடுபடுத்தும் செயலாகவும் விளங்கிற்று என்றும் காட்டினார். இக்கூற்றில் உண்மையுண்டு. ஆங்கிலப் பள்ளியின் வாசலை மிதியாத துறைமுகத் தொழிலாளி, பந்தயத்தாளில் ஆங்கிலப் பெயர்களை வாசிக்கிறான், பின்னங்களைப் பெருக்குகிறான், குதிரையின் முன்னைய ஓட்டங்களையும் அது சுமக்கும் பாரத்தையும் ஒப்பிடுகிறான். இரு குதிரைகளையும் மூன்று குதிரைகளையும் தொடுத்துக் கட்டும் பணயங்களின் பெறுமதியை மனத்தாற் கணிக்கிறான். பாடசாலையும் தொழிற்றலமும் கேளாத அறிவாற்றலைப் பந்தயக் கடை கேட்டது. அவன் அங்கு செல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இந்திய உச்ச நீதிமன்றமும் இவ்வழியிலேயே சிந்தித்தது. தமிழ்நாட்டு அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டமியற்றியது. 1996இல் இலட்சுமணன் வழக்கிற் குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, வெறும் வாய்ப்பைச் சார்ந்ததன்று என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் திறமை உண்டா, இல்லையா என்ற கேள்வி முழுமையானதன்று. திறமையின் பயன் யாருக்கு என்பதே கேள்வி. ஈடுசெய் பந்தயங்களில், சிறந்த குதிரைமீது கூடிய பாரம் ஏற்றி, எல்லாக் குதிரைகளின் வாய்ப்பையும் சமப்படுத்துவதற்கென்றே அதிகாரிகள் உள்ளனர். தொழிலாளியின் திறமை எதைக் கண்டுபிடிக்க முயல்கிறதோ, அதனை அழிப்பதே அவர்களது திறமை. அதையும் மீறிச் சரியாகக் கணித்தவனிடமிருந்து விலையின் வழியாக நூற்றுக்கு 13 கழிந்துவிடுகிறது.

வெள்ளவத்தையின் நிலை சற்று வேறானது. 1905இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை சென்ற பின்னர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுதுவினைஞர் பலருக்குக் கொழும்பின் தென்பகுதி இருப்பிடமாயிற்று. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உடைய அவ்வர்க்கத்துக்குப் பட்டினிப் பயம் இல்லை; உயர்வுப் பசி உண்டு. சீதனம், காணி, பிள்ளையின் படிப்பு என்பன சம்பளத்தால் எட்டமுடியாத தொலைவில் நின்றன. அத்தொலைவை ஒரே மாலையிற் கடக்கும் வழியாகவே பந்தயம் தோன்றியது. வழி பிழைத்தபோது ஆப்கானிய வட்டிக்காரரும் செட்டியார் தெரு அடகுக்கடைகளும் காத்திருந்தன. அடகுக்குப் போனது பெரும்பாலும் மனைவியின் நகை. பணயம் வைத்தவன் ஆண். பணயமாக வைக்கப்பட்டவள் பெண். பாஞ்சாலியின் கதை அரண்மனையோடு முடிந்துவிடவில்லை.

இவ்விடத்து எம் மொழி ஒரு குறிப்பை எமக்குத் தருகிறது. விளையாடுவதும் 'சீட்டு', பந்தயக் கடை தரும் துண்டும் 'சீட்டு', அயலவர் மாதந்தோறும் பணம் சேர்த்து முறைவைத்து எடுப்பதும் 'சீட்டு'. வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும் பெண்கள் நடத்திவரும் சேமிப்புச் சீட்டில் பணம் வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. ஒருவருடைய முறை மற்றவருடைய இழப்பன்று. பந்தயச் சீட்டிற் பணம் ஒவ்வொரு சுற்றிலும் வட்டத்தைவிட்டு வெளியேறுகிறது. ஒரே சொல்லுக்குள் இரு சமூக உறவுகள் எதிரெதிராக நிற்கின்றன.

7. முடிவுரை

1956ஆம் ஆண்டின் அனுபவம், பந்தயத்தைத் தடுப்பதாற் பணயம் ஒழிவதில்லை என்பதைக் காட்டியது. 1988ஆம் ஆண்டின் தீர்வை, பணயத்தை ஏற்றுக்கொண்டு அதிற் பங்கு கொள்ளும் அரசைக் காட்டியது. இரண்டும் மனிதன் ஏன் முற்குறிப்பை நாடுகிறான் என்ற கேள்வியைத் தொடவில்லை. தன் உழைப்பின் விலையைத் தான் தீர்மானிக்க முடியாதவனுக்கு, நாளைய வாழ்வு என்றுமே ஒரு பந்தயம். தெரியாத சக்திகளின் கையில் வாழ்பவன் தெரிந்தவன் ஒருவனைத் தேடுவது இயல்பு.

வெள்ளவத்தையில் வேறொரு வரலாறும் உண்டு. இன்று ஹெவ்லொக் சிற்றி மாடங்கள் எழுந்துள்ள நிலத்தில் நூற்பு நெசவு ஆலை இயங்கிய காலத்தில், 1933இல் அதன் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் கழகத்தினர் அவர்களோடு நின்றனர். அவ்வணியினரே 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். அவ்வாலைத் தொழிலாளரும் ஒரு செய்தியைக் காதோடு காதாகப் பரிமாறினர். ஆனால் அச்செய்தி பந்தயத் திடலின் செய்தியிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. முற்குறிப்பைப் பலர் அறியுந்தோறும் அதன் மதிப்புக் குறையும். எனவே அது ஒவ்வொருவனையும் மற்றவனிடமிருந்து மறைந்து நிற்கச் செய்யும். தம் கூலி எங்கே போகிறது என்ற அறிவோ பலர் அறியுந்தோறும் வலிமை பெறும். அறிந்தவரை ஒன்றாக நிற்கச் செய்யும். கொழும்பு உழைப்பாளர் வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்விரு செய்திகளும் ஒரே தெருக்களில் உலாவியதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.